பாதியில நின்னா ஆபத்து

போன எபிசோட்ல நான் ஒரு வார்த்தையை விட்டுட்டேன்: "நுண்ணுயிரியை உள்ள விட்டா நிலத்தடி நீர் சுத்தமாயிடும்." அவ்வளவு சுலபம் இல்லை. இன்னைக்கு அதைச் சரி பண்ணிடுறேன்.

ட்ரைகுளோரோஎத்திலீன், சுருக்கமா டிசிஇ. இயந்திரப் பாகங்கள்ல ஒட்டியிருக்கிற கிரீஸைப் போக்க, அமெரிக்கத் தொழிற்சாலைகளும் விமானப்படைத் தளங்களும் பல வருஷம் பயன்படுத்தின திரவம். சிந்தினது மண்ணுக்குள்ள போச்சு. தண்ணியைவிட கனம் என்பதால அடியில இறங்கி, இடுக்குகள்ல தங்கி, கொஞ்சம் கொஞ்சமா கரையும். மோட்டார் வச்சு எவ்வளவு இறைச்சாலும் தீராது.

இதுல மூணு குளோரின் அணு. சில பாக்டீரியாக்கள் அதை ஒவ்வொண்ணா கழட்டும். மூணும் போனா மிஞ்சுறது எத்திலீன், மாம்பழம் பழுக்கும்போது தானே விடுற அதே வாயு. ஆனா ஒரு குளோரின் பாக்கி இருக்கும்போது அது வினைல் குளோரைடு. டிசிஇ, வினைல் குளோரைடு ரெண்டுமே புற்றுநோய் உண்டாக்கும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு டிசிஇ 5 மைக்ரோகிராம், வினைல் குளோரைடு 2. அதாவது, வேலை பாதியில நின்னா தண்ணி முன்னைவிட மோசமாகலாம்!

கடைசிப் படி வரைக்கும் போறது டிஹாலோகாக்காய்டிஸ் என்கிற பாக்டீரியா. 1997ல கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் தனியா பிரிச்சதா அறிவிச்சாங்க. கிடைச்ச இடம்? இதாக்கா ஊர் கழிவுநீர் நிலையத்துச் சேறு. நாம ஆக்ஸிஜனை வச்சு சுவாசிக்கிற மாதிரி, இது குளோரின் சேர்மங்களை வச்சு சுவாசிக்குது. ஆக்ஸிஜன் பட்டா தாங்காது. சாப்பாடு ஹைட்ரஜன். அதனாலதான் நிலத்துக்குள்ள தாவர எண்ணெய், வெல்லப்பாகு மாதிரி எதையாவது செலுத்துறாங்க; மத்த நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வச்சு ஹைட்ரஜனை விடும்.

சாப்பாடு மட்டும் போட்டா போதுமா? டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவுல இருந்த கெல்லி விமானப்படைத் தளத்துல அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. ரெண்டு குளோரின் மிச்சம் இருக்கிற கட்டத்துலயே நின்னுடுச்சு. அந்த மண்ணுல கடைசி வேலைக்கான ஆள் இல்லை. பிறகு ஆய்வகத்துல வளர்த்த டிஹாலோகாக்காய்டிஸ் கலவையைச் செலுத்தினாங்க. 200 நாளுக்குள்ள டிசிஇ 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிச்சு, எத்திலீனும் வந்துச்சு. 2002ல வெளியான முடிவு இது. ஒரு சின்னச் சோதனைத் துண்டு நிலம்தான், அதையும் சொல்லிடணும்.

இப்பல்லாம் "டிசிஇ 90 சதவீதம் குறைஞ்சது"ன்னு யாராவது அறிக்கை காட்டினா, நான் அந்த வரியைப் பார்க்கிறதில்லை. வினைல் குளோரைடு எவ்வளவு, எத்திலீன் எவ்வளவுன்னு தேடுவேன்.