எக்ஸ்போஷர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

(கொடைக்கானலில் கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கில வாசிப்புப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



உடல்நலம், மருத்துவம் பற்றிய பகுதிகளை வாசித்து ஆங்கிலம் பழகுவது நல்ல வழி. போட்டித் தேர்வு கைடுகளிலும் சரிவிகித உணவு பற்றி ஒரு பத்தியும் அதன் கீழே ஐந்து கேள்விகளும் இருக்கும். ஆனால் கொடைக்கானலில் படிக்கிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அது தெர்மாமீட்டர் தொழிற்சாலை.

அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து, 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்த ஆலை அது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. இங்கே செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதை மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். போராட்டம் நடந்தது. நிறுவனம் ஆலையை மூடியது. 2003இல் சுமார் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு சொற்களை மட்டும் படிப்போம்.

முதல் சொல், எக்ஸ்போஷர். "ஊர்நாட்டுப் பிள்ளைக்கு எக்ஸ்போஷர் பத்தாது" என்று நம்மைப் பார்த்துச் சொல்வார்கள். அங்கே அது கிடைக்க வேண்டிய நல்ல விஷயம். மருத்துவ அறிக்கையில் அதே சொல்லுக்கு நச்சு நம் உடம்பில் படுவது, மூச்சில் போவது என்று பொருள். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சு வழியே ரத்தத்தில் கலந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுக்காத ஆபத்தை எழுத்துதான் சொல்ல வேண்டும். அந்த எழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

இரண்டாவது சொல், எக்ஸ் கிரேஷியா. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2016 மார்ச்சில், 591 பேருக்காக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பணத்துக்கு நிறுவனம் வைத்த பெயர் எக்ஸ் கிரேஷியா. லத்தீனில் 'கருணையால்' என்று அர்த்தம். இழப்பீடு என்றால் தவறுக்குப் பொறுப்பேற்றதாகும். கருணைத் தொகைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. ஆலை வேலையால் தொழிலாளர் உடல்நலம் கெட்டது என்பதை நிறுவனம் ஏற்கவே இல்லை. வாசிப்புத் தேர்வில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பெண். வாழ்க்கையில் இதற்காகப் பத்து ஆண்டு வழக்கு.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். அழுக்கையும் நஞ்சையும் தொடுகிற வேலை ஒருவருக்கு, அதைப் பற்றிய அறிவு இன்னொருவருக்கு என்று பிரித்து வைத்ததுதான் சாதி. உழைப்பவர் கட்டும் வரியில் மேல்சாதியினர் உயர்கல்வி படிக்கிறார்கள், உழைப்பவரின் பிள்ளைகளுக்கோ ஆரம்பக் கல்விகூட இல்லை என்று ஜோதிராவ் புலே 1882இல் ஹண்டர் கமிஷனிடம் சொன்னார். அந்தப் பிரிவினை இன்று மொழியிலும் இருக்கிறது.

ஆங்கிலம் தெரியாதது தொழிலாளியின் குற்றம் இல்லை. ஆபத்தைத் தமிழில் சொல்வது முதலாளியின் கடமை, சொல்ல வைப்பது அரசின் கடமை. நாம் ஆங்கிலம் கற்பது அந்தக் கடமையிலிருந்து அவர்களை விடுவிக்க அல்ல, கணக்குக் கேட்க.

எனவே எந்தப் பத்தியை வாசித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். 'வெளியேற்றப்பட்டது' என்றால், வெளியேற்றியது யார்? 'பாதுகாப்பான அளவு' என்றால், அதை வகுத்தது யார்? 'உதவி' என்றால், அது உதவியா, உரிமையா?

பிறகு உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, அம்மாவுக்குப் புரியும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அம்மா திருப்பிக் கேள்வி கேட்டால் நீங்கள் பாஸ்.

ஜெய் பீம்.