அர்ச்சுனன் தேருக்கு அயல்நாட்டுக் குதிரை

(தொழில் வல்லுநரும் உழவரும் கூடியிருந்த அவையொன்றில் ஆற்றிய உரை)



சென்னைக்கு அருகே ஆவடி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலேதான் இந்தியாவின் யுத்த டாங்கிகள் உருவாகின்றன. போரின் பெருமை பேச நான் இங்கு வரவில்லை. ஒரு நாடு பிறரிடம் கற்றதை எவ்வாறு தன்னுடையதாக்கிக் கொள்கிறது என்பதை அத்தொழிற்சாலையின் கதை நமக்குக் காட்டும். அதுவே இன்று என் பொருள்.

1961ஆம் ஆண்டு இந்தியா பிரித்தானியாவின் விக்கர்ஸ் கம்பனியுடன் ஒப்பந்தஞ் செய்தது. 1965இல் ஆவடியிலே 'விஜயந்தா' என்னும் டாங்கி வெளிவந்தது. பெயர் பாரதத்தின் பெயர். ஆனால், உள்ளே இருந்தவை யாவை? பீரங்கி பிரித்தானியரின் 105 மில்லிமீற்றர் பீரங்கி. எஞ்சின் லேலண்ட் எல்-60; பிரித்தானியரின் 'சீப்டன்' டாங்கியில் இருந்ததும் அதே எஞ்சினே. முதலில் வந்திறங்கிய பாகங்களைப் பொருத்தினர். பின்னர் படிப்படியாகப் பலவற்றைத் தாமே வார்த்தனர். பொருத்தும் கை பழகிற்று. ஆனால் வரையும் கை இன்னும் பிறருடையதாகவே இருந்தது.

அக்குறையைத் தீர்க்கவே 1974இல் சொந்த டாங்கித் திட்டத்துக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அதன் பெயரே 'அர்ஜுன்'. 120 மில்லிமீற்றர் பீரங்கியை இந்திய அறிஞர் ஆக்கினர். 'காஞ்சன்' என்னும் கவசத்தை ஐதராபாத்தின் உலோக ஆய்வுக்கூடம் ஆக்கியது. கரடுமுரடான நிலத்திலும் குலுங்காது செல்லும் தாங்கமைப்பும் அவர்களுடையதே. இவை சிறு சாதனைகள் அல்ல!

ஆனால், அர்ச்சுனன் தேருக்குக் குதிரை எங்கிருந்து வந்தது? ஜேர்மனியிலிருந்து வந்தது. 1,400 பரிவலு கொண்ட எம்.ரி.யு. எஞ்சினும், ரெங்க் கம்பனியின் பற்சக்கரப் பெட்டியும் அந்நாட்டவை. உள்நாட்டு எஞ்சின் ஆயத்தமாகும் வரை, மாதிரி வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே அவ்வெஞ்சினைக் கொணர்ந்தனர். உள்நாட்டு எஞ்சின் வரவில்லை. விருந்தாளியாக வந்தது வீட்டுக்காரனாகிவிட்டது. வண்டியின் தோற்றமும் ஜேர்மனியின் 'லெப்பர்ட் 2' டாங்கியை நினைவூட்டுவதாயிற்று.

இதற்கிடையே எடை 58.5 தொன்னாக உயர்ந்தது. இராணுவம் ரஷ்யாவின் ரி-72, ரி-90 டாங்கிகளை நாடியது. அவையும் ஆவடியிலேயே ஆக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் 124 அர்ஜுன் டாங்கிகளுக்கும், 2010இல் மேலும் 124க்கும், 2021இல் திருத்திய வடிவில் 118க்குமே கட்டளை கிடைத்தது. முந்திய வடிவில் 41 சதவீதமாக இருந்த உள்நாட்டுப் பங்கு, புதிய வடிவில் 54.3 சதவீதமாயிற்று என்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சு கூறியது. 1,500 பரிவலு கொண்ட உள்நாட்டு எஞ்சின் மைசூரிலே முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது 2024 மார்ச்சிலேதான். அனுமதி கிடைத்த நாள்முதல் எண்ணினால் ஐம்பது ஆண்டுகள்!

இதைக் கண்டு நகைப்பவர் உண்டு. நான் நகையேன். பிறரிடம் கற்பது இழுக்கன்று. கற்காமலே கற்றதாகக் காட்டுவதே இழுக்கு. பெயரைச் சூட்ட ஒரு நாள் போதும். ஓர் எஞ்சினை வார்க்கத் தலைமுறைகள் வேண்டும். உலோகம், பற்சக்கரம், பொறியியல், தேர்ந்த தொழிலாளி ஆகிய நான்கும் ஒருங்கே வளராத இடத்தில் கட்டளையினால் மட்டும் எஞ்சின் பிறவாது.

உழவர்களே, இவ்வுண்மையை நீங்கள் எங்களைவிட நன்கறிவீர்கள். நீரிறைக்கும் இயந்திரத்தின் மேல் உங்கள் பெயரை எழுதிவிடலாம். ஆனால் சிறியதோர் உதிரிப் பாகம் கிடையாமல் பயிர் வாடும்போது, அது யாருடைய இயந்திரம் என்பது தெரிந்துவிடும். இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்றனர் நம் முன்னோர். இரவல் வாங்கலாம், வாங்கிய நாளிலேயே நெய்யவும் கற்கவேண்டும்.

ஆகவே, சொந்தப் பொருள் என்று எதைக் காட்டினாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதை வரைந்தவர் யார்? இதயப் பாகத்தை வார்த்தவர் யார்? பழுதுற்றால் திருத்த வல்லவர் யார்? உங்கள் பிள்ளைகள் கந்தோர் நாற்காலியை மட்டும் நாடாது பட்டறைக்கும் செல்லட்டும். மூன்றாம் வினாவுக்காவது அவர்கள் விடையாகட்டும். மற்ற இரண்டும் அதன் பின்னரே கைகூடும்.