காடாத் துணியும் நம் காட்டுப் பருத்தியும்

(துடியலூர் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)

பருத்தி எடுப்பைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதற்கு முன், எடுத்த பருத்தி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிடுவோம்.

சோமனூர், பல்லடம் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே விசைத்தறிகளில் பெரும்பாலும் ஓடுவது காடாத் துணி. ஓலைப் பாய் முடைகிற மாதிரி, ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். சலவையும் சாயமும் இல்லாத சாதா நெசவு. இதை வியாபாரிகள் வடக்கேயும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். போன இடத்தில் சாயம் ஏற்றிப் படுக்கை விரிப்பு, திரை, சட்டை என்று ஆக்குகிறார்கள்.

1974 முதல் 2004 முடிய, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்குவது என்று அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அளவு வைத்திருந்தன. 2005 ஜனவரி 1 முதல் அந்த அளவு எடுபட்டது. சீனா, பாகிஸ்தான் துணியோடு நம் துணியும் ஒரே சந்தையில் போட்டி போடுகிறது.

"அது மில்காரர் பாடு, நமக்கென்னங்க?" என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். இந்தியப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியது. அதே மாதம் 19-ஆம் தேதி முதல் மத்திய அரசு வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நிறுத்தி வைத்தது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. மில்லுக்கு அது கைகொடுத்தது. நம் பருத்தியோ வெளிநாட்டுப் பஞ்சோடு நேருக்கு நேர் நிற்க வேண்டியதாயிற்று.

வரி நம் கையில் இல்லை; சுத்தம் நம் கையில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பஞ்சை மில்கள் விரும்பக் காரணம், அதில் வேற்று நார் மிகக் குறைவு. நம் பருத்தியில் உரச் சாக்கின் பிளாஸ்டிக் இழை, தலைமுடி, சேலை நூல் எல்லாம் கலந்து விடுகிறது. ஒரு சாக்கு இழை மில் இயந்திரத்தில் பல துண்டாகி நூலோடு முறுக்கிக் கொள்ளும். பஞ்சுக்கு ஏறுகிற சாயம் அதற்கு ஏறாது. பூ வேலை, கோடு எதுவும் இல்லாத சாதாத் துணியில் அது பளிச்சென்று தெரியும். வாங்கியவர் துணியைத் தள்ளிவிடுவார். அந்த நட்டம் மில் வழியாக ஏல விலையில் வந்து இறங்கும்.

ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. பனி உலர்ந்த பிறகு, நன்றாக வெடித்த காயிலிருந்து மட்டும் பருத்தி எடுங்கள். செடியின் கீழ்க் காயில் தொடங்கினால் மேலிருந்து சருகு விழாது.

2. எடுக்கிற பெண்கள் தலையில் துணி கட்டிக் கொள்ளட்டும். மடிக்கும் மூட்டைக்கும் பருத்தித் துணியே நல்லது. நம் காடாத் துணியிலேயே பை தைத்துக் கொள்ளலாம். உரச் சாக்கு வேண்டவே வேண்டாம்.

3. கறைப்பட்ட, பூச்சி அடித்த கொட்டுப் பருத்தியைத் தனியே வையுங்கள். இரண்டு ரகங்களை ஒன்றாகக் கொட்டாதீர்கள். இழை நீளம் மாறினால் நூல் சீராக வராது, தறியில் அறுபடும்.

4. நிழலில் உலர்த்துங்கள். எடை கூடுமென்று தண்ணீர் தெளிப்பது நமக்கே கேடு. இந்தியப் பருத்திக் கழகம் 8 சதவீத ஈரத்துக்குத்தான் முழு ஆதரவு விலை தருகிறது. அதற்கு மேல் பிடித்தம் உண்டு. 12-ஐத் தாண்டினால் வாங்குவதில்லை. 2025-26 பருவத்தில் நீண்ட இழைப் பருத்தியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.8,110.

ஒருவர் மட்டும் சுத்தமாக எடுத்தால் பலன் குறைவு. பக்கத்துக் காட்டாரும் சேர்ந்து, ஒரே ரகத்தை ஒன்றாக ஏலத்துக்குக் கொண்டு போனால் குவியலைப் பார்த்தே வியாபாரி விலை கூட்டிக் கேட்பார். இந்த எடுப்பிலேயே செய்து பாருங்கள்.