மூச்சுக்காற்றை அளக்கச் சொல்லுங்கோ

தோழர்களே, எங்களில கனபேர் ஆய்வுகூடங்களில வேலை செய்யிறம். கார்பன் நானோகுழாய்த் தூளை நிறுக்கேக்க எழும்புறது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 2013இல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: எட்டு மணிநேரச் சராசரியாக, ஒரு கனமீற்றர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். அது பரிந்துரைதான், சட்டமில்லை.

மூலையில துகள் எண்ணும் கருவியை வைத்துவிட்டு "எல்லாம் சரி" என்பினம். அந்தக் கருவிக்கு நானோகுழாயும் ஒன்றுதான், வெளியில போற லொறிப் புகையும் ஒன்றுதான். வேலைக்கு முன்னமும் வேலை நடக்கேக்கையும் அளக்கோணும். வேலை செய்யிறவரின் கொலரில வடிதாள் கொழுவி, மூக்குக்குக் கிட்டின காற்றைப் பிடிச்சுச் சோதிக்கோணும். இரவில கூட்டித் துடைக்கிறவருக்கும் அப்படியே. முடிவு எங்கட கைக்கு வரோணும். தனியாக் கேட்டால் தட்டிக்கழிப்பினம், சங்கமாய்க் கேளுங்கோ.