மத்தி வந்த வருஷமும் வராத வருஷமும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மீனைப் பத்தி ஏதாவது பேசுப்பா, இருபது நிமிஷம்" என்று செயலாளர் போனில் சொன்னார். ஆம்பூருக்கும் கடலுக்கும் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். இங்கே மீன் என்றால் வறுவல், குழம்பு; அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் நம் ஊருக்கும் ஒரு மீனுக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சொந்தம் உண்டு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் நைனா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வரும் முன்னே ஒரு வாசனை வரும். சுண்ணாம்பு, பட்டை, அவற்றுக்கெல்லாம் மேலாக மீனெண்ணெய். பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால் பலகை மாதிரி விறைத்துக் கொள்ளும். நாருக்கு நார் வழுக்கிக்கொடுக்க உள்ளே எண்ணெய் போக வேண்டும். இன்று டிரம்மில் ஃபேட் லிக்கர் என்று ஊற்றுகிறார்களே, அதில் பல வகைக்கு மூலப்பொருள் மீனெண்ணெய்தான். மலையாளக் கரையில் மத்தியை வேகவைத்துப் பிழிந்து எடுக்கும் எண்ணெய் தோலுக்கும் சணலுக்கும் படகுப் பூச்சுக்கும் போனது. மிஞ்சிய சக்கை காப்பித் தோட்டத்துக்கு உரமானது. மதராஸ் மாகாணத்தில் மீன்துறையைத் தொடங்கி வைத்த சர் பிரெடரிக் நிக்கல்சன் இந்த எண்ணெய்த் தொழிலைக் கரையோரம் பரப்பப் பாடுபட்டவர். "ஐப்பசி, கார்த்திகையில் வர்ற டின்னுதான் நல்ல டின்னு" என்பார் நைனா. அவருக்குக் காரணம் தெரியாது. நான் பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். மழைக்காலத்தில் முட்டையிட்டு மெலிந்த மத்தி, மழை ஓய்ந்ததும் வயிறு நிறையத் தின்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொழுப்பு ஏறி நிற்கும். எண்ணெய்த் தொட்டியில் கை விட்டே நைனா கடலின் பருவத்தைத் தெரிந்து வைத்திருந்தார்.

மத்தி என்றால் எது என்று சிலர் கேட்கக் கூடும். சென்னைப் பக்கம் கவலை என்கிறார்கள், தெற்கே சாளை, பேச்சாளை என்பார்கள். கவலை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

1972-ல் இங்கே பி.எஸ்ஸி. முடித்தேன். மீன்வள ஆராய்ச்சியில் வேலை கிடைத்தது. கரையில் நின்று மீனை அளப்பதும், வயிற்றைக் கிழித்து முட்டை முற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும்தான் என் ஆயுசு முழுக்கச் செய்த வேலை. 2012-ல் ஓய்வு பெற்றேன். அந்த வருஷம் கேரளாவில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி. வாழ்நாளில் அப்படி ஒரு குவியலை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் நம் வகுப்பு நண்பர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் சொல்லக் கூடாது என்று உத்தரவு. இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். மேற்குக் கரையிலிருந்து மீனெண்ணெய் வாங்கித் தோல் ஷாப்புகளுக்குக் கொடுத்து வந்தவர். "டேய், பெரிய டேங்க் போடலாம்னு இருக்கேன், பேங்கில லோன் பேசியாச்சு. மத்தி இப்படியே வருமா?" என்று கேட்டார். "வரும்டா, தைரியமா போடு" என்றேன். நாற்பது வருஷம் மீனை அளந்தவன் சொன்ன வார்த்தை அது.

2016-ல் கேரளக் கரையில் வந்த மத்தி 46 ஆயிரம் டன்னுக்கும் சற்றுக் குறைவு. 2021-ல் 3,297 டன். நாலு லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே!

நான் எங்கே தப்பு செய்தேன்? வலையில் வந்த மீனை எண்ணினேன். அதன் குஞ்சுக்குச் சோறு கிடைத்ததா என்று பார்க்கவில்லை.

ஒரு தாய் மத்தி ஒரு பருவத்தில் பல பத்தாயிரம் முட்டை விடும். கணக்குக்கு 50 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். அந்த ஐம்பதாயிரத்தில் இரண்டே இரண்டு பிழைத்துப் பெரிதானால் போதும், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பதில் ஆள் வந்தாயிற்று, கூட்டம் குறையாது. நாலு பிழைத்தால் கூட்டம் இரட்டிப்பு. ஒன்று பிழைத்தால் பாதி. ஐம்பதாயிரத்தில் ஒன்றா, நாலா என்பதில்தான் கரையோரக் குடும்பங்களின் சோறும், நம் ஊர் டிரம்மின் எண்ணெயும் தொங்குகின்றன. மத்திக்கு ஆயுசும் கம்மி, இரண்டு மூன்று வருஷம்தான். ஆகவே ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த வருஷமே வலை காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த ஒன்றையும் நாலையும் தீர்மானிப்பது எது? முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சின் வயிற்றோடு ஒட்டிய கரு இரண்டு மூன்று நாளைக்குத்தான் சாப்பாடு. அது தீர்ந்ததும் பக்கத்தில் வாய்க்கு அடங்கும் அளவில் மிதவை உயிர் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். நார்வேக்காரர் யோஹான் யோர்ட் இதை 1914-லேயே எழுதினார். ஹெர்ரிங் மீனின் செதிலில் மரத்தின் வளையம் போல வருஷ வளையம் இருக்கும். அதை எண்ணிப் பார்த்தால், வலையில் வருகிற மீனில் பெரும்பகுதி 1904-ல் பிறந்ததாக இருந்தது, அதுவும் வருஷக் கணக்காக. முன்னும் பின்னும் பிறந்தவை கொஞ்சம்தான். அப்படியானால் மீன் பெருகுவதும் சுருங்குவதும் அந்தந்த வருஷத்துக் குஞ்சுகளின் தலையெழுத்தைப் பொறுத்தது என்று கண்டுகொண்டார்.

நம் மேற்குக் கரையில் அந்தத் தலையெழுத்தை எழுதுவது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால் மேல் தண்ணீர் காற்றுக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டுக் கடலுக்குள் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எழும்பி வருகிறது. அடித் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும். கடலுக்கு அது எரு. வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பொங்கிப் பெருகும். மத்தி முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான். விருந்து தயாராகும் நேரம் பார்த்துப் பிள்ளை பெறுகிறது!

விருந்து இரண்டு வாரம் முன்னே பின்னே ஆனால் போச்சு. காற்று மந்தமானால் எரு மேலே வராது, பாசி இராது. காற்று மட்டுமீறி அடித்தாலும் தொந்தரவுதான். குஞ்சுகள் ஆழ்கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். எழும்பும் அடித் தண்ணீரில் பிராணவாயுவும் குறைவு. கொஞ்சமும் கூடாது, ரொம்பவும் கூடாது. தோலுக்குச் சுண்ணாம்பு வைப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். மழைக்கும் குட்டி மத்தியின் வரவுக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டில் நெடுநாள் ஆராய்ந்தவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி. அந்தோணி ராஜா. 1969-லேயே மத்தியைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதைப் படித்தவன் நான். படித்தும் நண்பருக்கு "தைரியமா போடு" என்றேன் பாருங்கள்.

2014-லும் பருவமழை குறைவு, 2015-ல் இன்னும் குறைவு. எல் நினோ வருஷம். பசிபிக் சமுத்திரத்தில் பெரு தேசத்துப் பக்கம் கடல் சூடேறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே சூடேறினால் இங்கே தென்மேற்குக் காற்று பல வருஷங்களில் தளர்ந்து போகிறது. அரபிக்கடல் மேல்மட்டமும் சூடாகி, அடித் தண்ணீர் ஏறுவது தடைப்படுகிறது. நம்மவர்களுக்கு நினைவிருக்கும், அதே 2015 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். எல் நினோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டிவிடும். நாம் ஆற்றில் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த வருஷம் மத்திக்குப் பஞ்ச வருஷம்.

ஆனால் பழியெல்லாம் கடல் மேல் போட முடியாது. 2012-ல் நாலு லட்சம் டன் அள்ளினோமே, அதில் முட்டையிட வேண்டிய தாய் மீன் எவ்வளவு? பிறகு வரத்து குறைந்ததும், குட்டி மத்தியையும் ரிங் வலை போட்டு அள்ளினார்கள். அதில் ஏராளம் மீன் தூள் ஆலைக்குப் போனது. கடல் கைவிட்ட வருஷத்தில் தாயும் குறைவு, குட்டியும் குறைவு. இரண்டு பக்கமும் அடி. ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொன்னது: அதிகப் பிடிப்பும் பருவநிலையும் சேர்ந்து செய்த காரியம்.

இது பழைய சண்டை. 1940-களில் மத்தி மறைந்தபோது, மதராஸ் சர்க்கார் 1943-ல் சில வலைகளுக்கும் குட்டி மத்தி பிடிப்பதற்கும் தடை போட்டது. அந்த வலைகளில் ஒன்றுக்குப் பெயரே மத்திக்கொல்லி. சில வருஷத்தில் தடை போய்விட்டது. மத்தி பிறகு திரும்பியும் வந்தது. தடையால் வந்ததா, காற்றால் வந்ததா என்று வாதாடிக் கொண்டே இருக்கலாம். கலிபோர்னியாக் கரையில் கடலடிச் சேற்றில் படிந்த செதில்களை எண்ணிப் பார்த்து, பெரிய வலைகள் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மத்தி வகை மீன்கள் பெருகியும் மறைந்தும் வந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எனவே மீனவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பாது. ஆனால் இறங்குமுகத்தில் இருக்கும் கூட்டத்தை மேலும் அள்ளினால் என்ன ஆகும் என்பதற்குப் பெருவே சாட்சி. நெத்திலி இனத்து மீன் 1970-ல் அங்கே ஒரு கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல். 1972-ல் எல் நினோ. 1973-ல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே. பழையபடி தலைதூக்கப் பல வருஷம் ஆயிற்று. அதில் பாடம் படித்தவர்கள், 2023-ல் சோதனை வலையில் குட்டியே மிகுந்து வந்ததும் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். ஒரு பருவ வருமானத்தை விட்டுக்கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மத்தி என்றால் மலையாளக் கரை மீன். நம் சோழமண்டலக் கரையில் அபூர்வம். 1980-களின் நடுவிலிருந்து இந்தப் பக்கமும் வர ஆரம்பித்துப் பிறகு டன் டன்னாகப் பெருகியது. கடல் சூடேறச் சூடேற மத்தி வடக்கேயும் கிழக்கேயும் இடம் தேடுகிறது என்று விவேகானந்தன் முதலியோர் எழுதினார்கள். கேரளாவில் மத்தி இல்லாத வருஷங்களில் தமிழ்நாட்டு மத்தி லாரி ஏறி அங்கே போய் விலை பேசியது. ஓமன் தேசத்து மத்தியும் வந்தது.

சரி, நண்பர் கதை. டேங்க் கட்டி முடித்தார். 2013 பரவாயில்லை. அதற்குப் பிறகு பாதி டேங்க் காலி, அப்புறம் முழுக்கக் காலி. எண்ணெய் விலை ஏறியதும் தோல் ஷாப்புகள் வேறு எண்ணெய்க்கும் செயற்கைச் சரக்குக்கும் மாறிக்கொண்டன. வட்டி மட்டும் மாறவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மனையை விற்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்து கொடுத்து, "நீதான்டா முதல்ல வரணும்" என்றார். சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

2022-ல் கேரளாவில் மத்தி மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. அடுத்தடுத்த வருஷமும் ஏறுமுகம். ஆனால் 2025-ல் குட்டி மத்தி கரை முழுக்க நிறைந்திருந்தும், வளராமல் மெலிந்து கிடந்தது. முந்தைய மழைக்காலம் நன்றாக இருந்ததால் குஞ்சுகள் ஏராளமாய்ப் பிழைத்துவிட்டன. பந்தியில் கூட்டம் அதிகம், இலைக்குச் சோறு கம்மி என்பது விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம். மெலிந்த மீனில் எண்ணெய் ஏது?

நேற்று ராத்திரி ரூமில் நண்பர் மறுபடி கேட்டார். "மத்தி திரும்பி வந்துடுச்சாமே, இந்த வாட்டி என்ன சொல்ற?" இந்த வாட்டி நான் வாயைத் திறந்து தேதி சொல்லவில்லை. ஜூனில் காற்று எப்போது பிடித்தது, ஆகஸ்டில் கரைத் தண்ணீர் குளிர்ந்ததா, செப்டம்பரில் குட்டி மத்தி பத்து சென்டிமீட்டரைத் தாண்டியதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு ஓணத்துக்குப் பிறகு போன் செய்கிறேன் என்றேன். "அதுவரைக்கும் டேங்க்ல மழைத் தண்ணியா புடிச்சு வெக்கறது?" என்றார். அதையே செய்யச் சொன்னேன்.