மார்க்கைக் கேட்கும் முன் மனசைக் கேளுங்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



கடன், தவணை பற்றி எப்போதும் பேசுகிறோம். இன்னிக்கு நம்ம பிள்ளைங்க மனசைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன்.

என் மகள் பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில் ஆகிவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று, "உன் படிப்புக்குத்தானே குழுவுல கடன் வாங்கினேன், இப்படிப் பண்ணிட்டியே"ன்னு கேட்டுட்டேன். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. நான் திமிர்னு நினைச்சேன்.

எங்க குழு அக்கா ஒருத்தர்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டார். "ஆமாக்கா"ன்னு சொல்லி அழுதாள். எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு.

அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். கேட்டால்தான் மனசில் உள்ளது வெளியே வரும்.

அன்றே வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அப்புறப்படுத்தினோம். அவளைத் தனியாக விடவில்லை. மறுநாள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் என்னிடமும் பேசினார். எனக்கும் அது தேவையாத்தான் இருந்துச்சு. பிறகு மகள் துணைத்தேர்வு எழுதினாள்.

14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளையும் பேசலாம், பெத்தவங்களும் பேசலாம்.

ரிசல்ட் வரும் வாரம், தவறிய பிள்ளையின் வீட்டுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் போய் உட்காருங்கள். தவணையைப் பிறகு பேசிக்கலாம்.