ஒரு ஸ்கூப் புரதமும் கால் கிலோ கறியும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உணவும் சாதியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக 2015இல் தாத்ரியில் அக்லக் கொல்லப்பட்டதில் தொடங்குவார்கள், இல்லையென்றால் 2016 உனாவில் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். போன மாதம் ஊருக்குப் போய் வந்த பிறகு அந்தக் குறிப்பை மாற்றிவிட்டேன். இன்றைக்கு ஒரு டப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் பேரணாம்பட்டுப் பக்கம். என் சித்தி மகன் அங்கே காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். ஓட்டம், கயிறு ஏறுதல், மார்பளவு எல்லாம் பார்ப்பார்கள். மூச்சை இழுத்து மார்பை 5 சென்டிமீட்டர் விரித்துக் காட்ட வேண்டும். அதற்காக டவுனில் ஜிம்முக்குப் போகிறான். பகலில் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை, சம்பளம் 11,000 ரூபாய். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் கறுப்பு நிறத்தில் பெரிய டப்பா ஒன்று இருந்தது. வே புரோட்டீன், ஒரு கிலோ, 2,600 ரூபாய். ஒரு நாளைக்கு ஒரு ஸ்கூப் என்று போட்டால் ஒரு மாதம் வரும். சம்பளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அந்த டப்பாவுக்குப் போகிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சித்தி கறி வாங்கி வந்திருந்தார். என்ன கறி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் ஒரே கறிதான். தம்பி அதைத் தொடவில்லை. "எனக்கு வேணாம்மா, நான் ஷேக் குடிச்சிக்கறேன்" என்றான். சித்திக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் தெருவில் நிற்கும்போது கேட்டேன், ஏன்டா சாப்பிடலை என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "ஜிம்முல எல்லாரும் என்ன சாப்பிட்டேன்னு டயட் சொல்லணும் அண்ணே. சிக்கன் பிரெஸ்ட்னு சொல்லுவாங்க, பன்னீர்னு சொல்லுவாங்க, முட்டை வெள்ளைக்கருன்னு சொல்லுவாங்க. நான் என்னன்னு சொல்றது?"

இந்தக் கேள்விக்கு அங்கே நின்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நானும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஊரிலிருந்து கொண்டுபோன டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "மட்டனா?" என்று கேட்டவரிடம் "ஆமாம்" என்று சொன்னவன்தான். அவன் வயதில் என்னிடம் டப்பா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அவன் குடிக்கிற ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்று எழுதியிருக்கிறது. விலை 79 ரூபாய் ஆகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது; நாலு முட்டை போதும், முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாட்டுக்கறி நூறு கிராமுக்கு 20 கிராம் தரும். கால் கிலோ கறி என்றால் 50 கிராம். நிலக்கடலை நூறு கிராமில் 25 கிராம், துவரம்பருப்பில் 22. கருவாட்டில் தண்ணீர் வற்றிப்போயிருப்பதால் எடைக்கு எடை பார்த்தால் பச்சை மீனைவிட அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு 50 கிராம். ஓடி, எடை தூக்குகிறவனுக்குக் கூடுதலாக வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரத மாவுகளை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதாவது சித்தி சட்டியில் இறக்கி வைத்தது அவன் உடம்புக்குப் போதும். ஜிம்மில் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் குறை.

இப்போது கடைக்குப் போய்ப் பாருங்கள். மோரில் புரதம், லஸ்ஸியில் புரதம், பிஸ்கட்டில், ஐஸ்கிரீமில், இட்லி மாவில் புரதம். அமுல் 200 மில்லி மோரில் 15 கிராம் வைத்து விற்கிறது. 2025 ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் நம் பக்கத்துக் கடைகளில் ஒரு புரதத் துண்டை அறிமுகப்படுத்தியது. பர்கருக்குள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், 5 கிராம் புரதம், சோயாவும் பட்டாணியும். மைசூரில் இருக்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தது. விளம்பரத்தில் முக்கியமாக இரண்டு சொன்னார்கள். ஒன்று, நூறு விழுக்காடு சைவம். இன்னொன்று, வெங்காயம் பூண்டு கிடையாது.

வெங்காயத்துக்கும் தசை வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அது ஊட்டச்சத்துத் தகவலே கிடையாது. யார் வீட்டுச் சமையலறைக்குள் இந்தப் பொருள் தடையில்லாமல் நுழையலாம் என்கிற அனுமதிச் சீட்டு அது. இந்த நாட்டில் புரதம் விற்க வேண்டுமென்றால் அது எங்கிருந்து வந்தது என்ற வாசனை முதலில் போக வேண்டும். கறி என்று சொல்லாமல், கருவாடு என்று சொல்லாமல், கிராமில் சொல்ல வேண்டும். கிராமுக்குச் சாதி தெரியாது என்று நாம் நம்புகிறோம். தெரிந்தவர்கள்தான் அந்த லேபிளை எழுதுகிறார்கள்.

'இந்தியர்களில் 73 விழுக்காட்டினருக்குப் புரதக் குறை' என்று ஒரு எண்ணை ரீல்ஸில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அது 2017இல் ஐஎம்ஆர்பி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சில நகரங்களில் எடுத்த கணக்கு. சந்தை ஆய்வு என்ற சொல்லைக் கவனியுங்கள். நகரத்தில் பொருள் வாங்கும் வசதியுள்ளவருக்கு என்ன குறை என்று தேடிப்போன கணக்கு அது. புரதம் இல்லாதவர்கள் இந்த நாட்டில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையப் பேர் இருக்கிறார்கள். கிராமங்களில் மக்கள் சாப்பிடுகிற புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அரிசி, கோதுமையிலிருந்தே வருகிறது என்று அரசின் நுகர்வுக் கணக்கெடுப்பே சொல்கிறது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளைத் தனியாக எடுத்தால் அது 40ஐ ஒட்டிப் போகிறது. விளம்பரத்தில் வருகிற உடம்பு இந்தக் குழந்தைகளுடையது இல்லை.

வே என்பது என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாலைத் திரித்துச் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர். பத்து லிட்டர் பாலில் ஒன்பது லிட்டர் அளவுக்கு இந்தத் தண்ணீர்தான் மிஞ்சும். மேலைநாடுகளில் வெகுகாலம் இதைப் பன்றிக்குக் கொடுத்தார்கள், வயலில் கொட்டினார்கள், ஆற்றில் விட்டார்கள். ஆறு கெடுகிறது என்று கட்டுப்பாடு வந்த பிறகு வடிகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் காசாக்கக் கற்றுக்கொண்டார்கள். கழிவைக் காசாக்குவது தப்பில்லை. மாட்டில் எதையும் வீணாக்காமல் குடல், ரத்தம், நுரையீரல், சுவரொட்டி வரை சமைக்கத் தெரிந்தவர்கள் நாம். நமக்கு அது புதிதும் இல்லை. ஆனால் நாம் மிச்சத்தைச் சாப்பிட்டபோது அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

அந்த டப்பாவின் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறது. மாட்டின் மடியிலிருந்து வந்ததற்குப் பச்சைப் புள்ளி. கோழி போட்ட முட்டைக்கு அசைவக் குறி. அதே மாட்டின் தொடையிலிருந்து வந்தால் பல மாநிலங்களில் சிறை. பால் வற்றிய மாட்டையும் காளைக் கன்றையும் விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வியைப் பச்சைப் புள்ளி கேட்பதில்லை. அதை விற்க முடிந்தால்தான் அடுத்த கறவை மாடு வாங்க முடியும் என்பது மாடு வளர்த்த எல்லோருக்கும் தெரியும். எருமைக்கறி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கிற நாடு இது என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

பள்ளிக்கூட முட்டைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை வந்தது 1989இல், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. படிப்படியாகக் கூடி 2010இல் வாரம் ஐந்து நாளும் என்றானது. நாம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சரே நிராகரித்தார். கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் வடகிழக்கு மாவட்டங்களில் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். அப்போது ஒரு பள்ளி மாணவி, முட்டை தராவிட்டால் உங்கள் மடத்துக்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று பேசிய வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் பேசியதைவிட நல்ல உரையை நான் இன்றைக்குப் பேசிவிட மாட்டேன். மகாராஷ்டிரத்தில் 2025 தொடக்கத்தில் முட்டைக்கான நிதியை அரசு நிறுத்தியது. பல மாநிலங்களில் மதிய உணவு வழங்குகிற அட்சய பாத்திரா முட்டை கொடுப்பதில்லை, வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. பர்கர் துண்டில் பார்த்த அதே வரி.

ஏழை வீட்டுக் குழந்தைக்கு 6 கிராம் புரதம் கொடுக்கக் கூடாது, கலாச்சாரம் கெட்டுவிடும். வசதியானவருக்கு 5 கிராம் புரதம் கொடுக்க அரசு ஆராய்ச்சிக்கூடம் உதவும். இந்த இரண்டும் ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில் நடக்கின்றன.

உயர்கல்வி நிறுவனங்களைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டாம், உங்களுக்கே தெரியும். சென்னை ஐஐடியில் 2018இல் சைவத்துக்குத் தனி வாசல், தனி கை கழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மும்பை ஐஐடியில் 2023இல் சைவர்களுக்கென்று மேசை ஒதுக்கியதை எதிர்த்து உட்கார்ந்தவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். 2022இல் ஆம்பூரில் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறியை விட்டுவிட்டு நடத்தப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் விழாவே தள்ளிப்போனது. ஆம்பூரில், தோழர்களே! எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

இதுவரை பேசியதைக் கேட்டால், அந்தக் காலத்தில் நம் வீடுகளில் எல்லோரும் வயிறார மாட்டுக்கறி சாப்பிட்டுத் திடமாக இருந்தார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. என் ஆயா உப்புக்கண்டம் போட்டுக் கயிற்றில் காயவைப்பார். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அதில் இரண்டு துண்டைச் சுட்டுக் கூழுக்குத் தொட்டுக்கொள்வோம். இரண்டு துண்டுதான். முதலில் தாத்தாவுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. ஆயா சட்டியை வழித்த குழம்பில் சோற்றைப் பிரட்டிச் சாப்பிட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நம் உணவைக் கொண்டாடுகிற கட்டுரைகளில் அந்தச் சட்டி வருவதே இல்லை. மராத்வாடா தலித் சமையலைப் பற்றி எழுதிய ஷாஹு பட்டோளே தன் மராத்தி நூலுக்கு 'அன்னம் முழுமையற்ற பிரம்மம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். பற்றாக்குறையையும் சேர்த்து எழுதியதால்தான் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

அதேபோல், அம்பேத்கர் 1927இல் மஹத்தில் செத்த மாட்டின் கறியைச் சாப்பிடுவதை விட்டுவிடச் சொன்னார். 1948இல் எழுதிய தீண்டப்படாதோர் பற்றிய நூலில், தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியோடு சேர்த்துத் தேடினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எறிந்ததைத் தின்னும் நிலையை மறுத்தார். எதைத் தின்பது என்பதை நாமே முடிவு செய்யும் நிலையைக் கேட்டார். அதனால் என் தம்பியிடம் போய், "மாட்டுக்கறி சாப்பிடு, அதுதான் நம் அரசியல்" என்று நான் கட்டாயப்படுத்த முடியாது. அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பிடித்திருக்கிறது, வெட்கமாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அந்த வெட்கத்துக்கு மாதம் 2,600 ரூபாய் கட்டுகிறான்.

கடைசியாக ஒரு வேலை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருந்தவர்கள், சிலர் இப்போதும் இருக்கிறீர்கள். 2023இல் அறிவித்த உயர்வின்படி கல்லூரி விடுதி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய். ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும். ஒரு ஸ்கூப் விலைகூட வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் விடுதியில் ஒரு வாரம் உண்மையில் என்ன போட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற பட்டியல் வேண்டாம், தட்டில் விழுந்தது வேண்டும். முட்டை எத்தனை, கறி எத்தனை கிராம், பருப்பு கரண்டியில் வந்ததா தண்ணீரில் வந்ததா, எல்லாம். பெண்கள் விடுதிக் கணக்கு தனியாக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கிராமில் கணக்குப் போட்டு, துறை அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்போம். இப்போது எல்லோரும் கிராமில்தானே பேசுகிறார்கள், நாமும் பேசுவோம்.

தம்பியிடம் இந்த உரையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பேர் போடாதே அண்ணே என்றான். போடவில்லை. டப்பா தீர்ந்ததும் அடுத்தது வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறானாம். அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு.